சங்கிலிச் சட்டையின் உள்துணி

அலுமாரியின் கீழ்த்தட்டும் காலி.

விமலேஸ்வரி கடைசியாய் இழுத்தெடுத்த சேலையை உதறிப் பார்த்தாள். வெறும் வொயில். கட்டிலில் எறிந்தாள். கட்டிலில் ஏற்கெனவே ஒரு சேலைக் குன்று கிடந்தது. தோட்டத்துக்குக் கட்டியவை, கோயிலுக்குக் கட்டியவை, கனடாவிலிருந்து யாரோ அனுப்பி ஒருநாளும் மடிப்புக் கலையாத மினுக்குச் சேலை ஒன்று. தேடியது மட்டும் இல்லை.

“கூறை எங்கை?”

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனாலும் அறை வாசலில் நின்ற அருந்ததிக்கு முதுகு சுட்டது.

சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. அந்தக் கூறைச்சேலை அப்போது அருந்ததியின் முதுகில்தான் இருந்தது. அவள் போட்டிருந்த வேலைச் சட்டைக்கு உள்ளே, மடித்து மடித்துத் தைத்த உள்துணியாக. மாங்குளத்துக்குக் கிழக்கே மிதிவெடி அகற்றும் காட்டுக்கு நேற்று விடிய அவள் போட்டுக்கொண்டு போன சட்டை அது. செய்தி கேட்டு ஓடிவந்ததிலிருந்து அதைக் கழற்றவே இல்லை.

“மிதிவெடிக்காட்டுச் சட்டையோடை செத்தவீட்டிலை நிக்கிறாள் பார்” என்று காலையிலிருந்து இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

ஹோலில் அன்னபாக்கியம் வாங்கில் கிடத்தப்பட்டிருந்தாள். மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, கொஞ்சம் இருக்கிறேன் என்று குசினி வாசலில் இருந்தவள், இருந்தபடியே போய்விட்டாள். புண்ணியவதி, ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கவில்லை என்று மல்லாவி முழுக்க ஒரே கதை. தலைமாட்டில் பிளாஸ்டிக் கதிரையில் அவள் புருஷன் மயில்வாகனம். ஊருக்கு அவர் சரித்திர வாத்தியார். ஓய்வு பெற்றும் பட்டம் போகவில்லை. நேற்றிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

அவருடைய தங்கை விமலேஸ்வரி கோப்பாயிலிருந்து விடிய முதல் வந்து இறங்கியிருந்தாள். வந்ததும் அழுதாள். அழுது முடித்ததும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு செத்தவீட்டைத் தன் கையில் எடுத்தாள். ஐயருக்கு ஆள் போனது, பறைக்காரருக்குச் சொல்லியாயிற்று, பெட்டி வந்தது. எல்லாம் நூல் பிடித்தது போல நடந்து, கூறையில் வந்து முட்டிக்கொண்டது.

புருஷன் இருக்கும்போது போகிறவள் கூறையோடு போகவேண்டும். அது முறை. கூறை கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிற சேலை. அன்னபாக்கியத்துக்கு எடுத்தவள் விமலேஸ்வரியின் தாய். அரக்குச் சிவப்பு, அசல் பட்டு, தலைப்பு முழுக்கச் சரிகை. அந்தக் காலத்தில் அதைத் தொட்டுப் பார்க்கவே சனம் வந்ததாம்.

“வன்னிச் சண்டையிலை ஆரின்ரை கூறை மிஞ்சினது, அக்கா?” என்றாள் பக்கத்து வளவுக் கமலாசனி, சேலைக் குன்றை மடித்தபடி. “என்ரை கூறை இரணைப்பாலையிலை மண்மூட்டையாக் கிடக்கு. பங்கர் வாசலிலை நல்லா நிண்டது. கட்டினவனைவிட நல்லா நிண்டது.”

இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். விமலேஸ்வரி அடக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வரவே இல்லை.

“அண்ணையின்ரை புத்தகப் பெட்டியைக் காவத் தெரிஞ்சது. எங்கடை அம்மா எடுத்த கூறையைக் காவத் தெரியேல்லை.”

இந்த வசனம் அருந்ததிக்கு மனப்பாடம். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து விடுபட்டு மல்லாவிக்குத் திரும்பிய புதிதில் விமலேஸ்வரி முதன்முதலாய் வந்தபோது சொன்னது. பிறகு கோயில் திருவிழாவில், தன் மகன் பிரசாந்தனின் கலியாணத்தில், போன வருஷம் பொங்கலுக்கு. ஒவ்வொரு தடவையும் அன்னபாக்கியம் ஒரே பதிலைத்தான் சொன்னாள். “அவசரத்திலை விட்டிட்டு வந்திட்டன் மச்சாள்.” சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்துவிடுவாள்.

அருந்ததி மாமி என்று கூப்பிடும் அன்னபாக்கியம், குசினிக்குள் வந்து அவளைப் பிடித்தும் சொல்லியிருந்தாள்.

“நீ வாயைத் திறக்கப்படாது. சொன்னால் உன்னைப் பாக்கிற நேரமெல்லாம் அவையளுக்குக் கூறைதான் தெரியும். நீ பிள்ளையாத் தெரியவேணும்.”

விமலேஸ்வரி மகன் பிரசாந்தனைக் கூப்பிட்டாள். மல்லாவிச் சந்தியில் புடவைக்கடை திறந்திருக்கும், அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு எடுத்துக்கொண்டு வா, ஐயர் வருவதற்குள் வா என்று சொன்னாள். அவன் மோட்டார் சைக்கிளை உதைத்த சத்தம் படலையைத் தாண்டிப் போனது.

சந்திக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அருந்ததிக்குத் தெரியும். அதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். வாயைத் திறந்தால் மாமியின் சொல்லை மாமி கிடக்கும் வீட்டிலேயே மீறியதாகும். திறக்காவிட்டால் மாமி கடைச்சேலையோடும் கெட்ட பெயரோடும் போவாள்.

*

மயில்வாகனம் வாத்தியாருக்குச் சரித்திரத்தில் அரசர்களைவிட அவர்களுடைய படைகள் போட்ட உடுப்பில்தான் பிரியம். அதிலும் ஒன்று அவருக்குப் பைத்தியம். சங்கிலிச் சட்டை.

இரும்புக் கம்பியைச் சின்னச் சின்ன வளையமாக்கி, ஒரு வளையம் நாலு வளையத்தைப் பிடிக்கிற மாதிரிக் கோத்துப் பின்னிய சட்டை. கெல்ற்றியர் என்றொரு கூட்டம் முதலில் போட்டதாம். ரோமர் அதைப் பார்த்துப் படித்துக்கொண்டார்களாம். பிறகு பாரசீகம், துருக்கி, மொகலாயக் குதிரைப்படை என்று ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் அது உலகத்தைச் சுற்றியது. வாள் வந்தால் வெட்டாது, குனிந்தால் சேர்ந்து குனியும், கழற்றினால் ஒரு கைப்பைக்குள் அடங்கும். துவக்கு வந்துதான் அதன் கதையை முடித்தது.

“முடிக்கேல்லை” என்று உடனே திருத்துவார் வாத்தியார். முதலாம் உலக யுத்தத்தில் டாங்கிக்குள் இருந்தவர்கள் முகத்துக்கு முன்னால் சின்னச் சங்கிலித் திரை தொங்கவிட்டிருந்தார்கள், தெறிக்கிற இரும்புத்தூள் கண்ணில் படாமல் இருக்க. “செல் குண்டு வெடிச்சுத் தெறிக்கிற சன்னத்துக்குச் சங்கிலி நிண்டுபிடிக்கும்.”

இந்த ஒரு வரிதான் அவரைப் பிடித்து ஆட்டியது. சண்டை நெருங்கி, மல்லாவியை விட்டு எல்லோரும் கிளம்பி, தர்மபுரத்தில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்தபோது அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. யாரோ விட்டுப்போன வேலிக்கம்பியைச் சுருட்டிக்கொண்டு வந்து, ஒரு இரும்புத் துண்டில் சுற்றி, குறட்டால் வெட்டி வளையமாக்கத் தொடங்கினார். அன்னபாக்கியத்துக்கு ஒரு சட்டை.

“உதைப் போட்டுக்கொண்டு நான் ஆரோடை சண்டைக்குப் போறது?” என்றாள் அவள்.

“ரோமாபுரிக்காரன் இதோடைதான் பாதி உலகத்தைப் பிடிச்சவன்.”

“அவனுக்கு ஆர் செல் அடிச்சது?”

வாத்தியார் நிறுத்தவில்லை. இடம் மாறிய ஒவ்வொரு இடத்திலும் சட்டை நாலு விரல் வளர்ந்தது. கை இல்லாத பனியன் மாதிரி ஒன்று. ஒரு வாளித் தண்ணீரின் பாரம்.

அருந்ததி அதை முதன்முதலாய்க் கண்டது மாத்தளன் கடற்கரையில். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்துப் பங்கரில் தாயும் தகப்பனும் ஒரே செல்லில் போய்விட, வெளியே குடத்தோடு நின்றதால் மிஞ்சியவள். அழவும் தெரியாமல் நின்ற பிள்ளையை ஒரு கை வந்து பிடித்து இழுத்துத் தங்கள் பங்கருக்குள் இருத்தியது. அது அன்னபாக்கியத்தின் கை. பிள்ளைகுட்டி இல்லாத கை. அயலில் உள்ளவர்களைக் கூப்பிடுகிற மாதிரியே அன்றைக்கு “மாமி” என்றாள் அருந்ததி. அது அப்படியே நின்றுவிட்டது.

மாமிக்கென்று பின்னிய சட்டையை மாமி எடுத்து அவளுக்குப் போட்டாள். தொடைவரை தொங்கியது. வாத்தியார் கீழ் வரிசை வளையங்களைக் கழற்றி அளவு குறைத்தார். சங்கிலிச் சட்டையின் பெரிய வசதியே அதுதான், ஆளுக்கு ஆள் வெட்டாமல் மாற்றலாம் என்றார். பிள்ளையின் தோள் எலும்பில் வளையம் அராவி இரத்தம் கசிந்தபோதுதான் அவருக்கு இன்னொன்று நினைவு வந்தது. இதற்கு உள்ளே தடித்த துணிச்சட்டை வேண்டும். அது இல்லாமல் எந்த நாட்டுப் படையும் இதைப் போட்டதில்லை. இரும்பு வெட்டை நிப்பாட்டும், இடியைத் தாங்குவது துணிதான்.

“இதைக் கடைசியாச் சொல்லுங்கோ” என்றாள் அன்னபாக்கியம்.

அவளுடைய சேலைகள் எல்லாம் அதற்கு முதலே மண்மூட்டை ஆகியிருந்தன. மூட்டைக்குள் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. எத்தனை இடம் மாறியும் கைவிடாத ஒன்று. அவள் அதை விரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோல் இல்லாததால் பல்லால் கடித்துக் கிழித்தாள். சரிகைத் தலைப்பு இருந்த பாதி, மடித்து மடித்துச் சங்கிலிக்கு உள்ளே போனது. மற்றப் பாதி அன்று பின்னேரமே மண்மூட்டையாகிப் பங்கர் வாசலில் நின்றது.

வாத்தியார் அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. மங்கோலியக் குதிரைவீரர் உள்ளுக்குப் பட்டுத்தான் போட்டார்களாம். அம்பு தைத்தால் பட்டு அறாமல் அம்போடு சேர்ந்து உள்ளே போகுமாம். பட்டைப் பிடித்து இழுத்தால் அம்பு வெளியே வருமாம்.

“இந்தப் பட்டு உங்கடை அம்மா எடுத்தது. ஒருத்தருக்கும் வழிவிடாது” என்றாள் மாமி.

கஞ்சி வரிசையில் நிற்கும்போது அது நடந்தது. முதுகில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி. அருந்ததி குப்புற விழுந்தாள். மாமி வந்து புரட்டினாள். முதுகில் வளையங்கள் விரிந்து கிடந்தன. ஆணி அடித்து இறுக்காத வளையம் விரியும் என்று வாத்தியார் முன்னமே பயந்தபடி. இரும்பு வழிவிட்டுவிட்டது. பட்டு வழிவிடவில்லை. புளியங்கொட்டை அளவு இரும்புத் துண்டு மடிப்புக்குள் நின்றது. அவளுக்கு முதுகில் ஒரு கன்றல். அவ்வளவுதான்.

நீரேரியைக் கடந்து ஆமிப் பக்கம் போகும் அன்று, இரும்புச் சட்டையோடு ஒரு பிள்ளை போனால் சோதனையில் ஆயிரம் கேள்வி வரும் என்று வாத்தியார் சங்கிலியைத் தண்ணீருக்குள் விட்டார். மாதக்கணக்கில் பின்னியது. துணியை மாமி விடவில்லை. பானையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

வாத்தியாரின் பைத்தியம் அதோடும் தீரவில்லை. ஊர் திரும்பிய பிறகு முள்ளியவளையில் நவ்பர் என்பவரின் இறைச்சிக்கடையில், கத்தி தவறினாலும் விரல் போகாத உருக்கு வளையக் கையுறை ஒன்றைக் கண்டுவிட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒன்றுக்கு நாலு, அதே பின்னல். “இறைச்சி வாங்க வந்தனியளோ, கை குலுக்க வந்தனியளோ?” என்று மாமி கடை அதிரக் கேட்டாள்.

மிதிவெடி வேலைக்கு அருந்ததி போகப்போகிறாள் என்றதும் மாமி ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் புதுவேலைச் சட்டையை வாங்கி உள்பக்கம் புரட்டினாள். பெட்டியின் அடியிலிருந்து அந்தத் துணியை எடுத்து முதுகுக்கு வைத்துத் தைத்தாள். அதற்கு மேல் கொம்பனியின் தடித்த கவசம் வரும், முகத்துக்குக் கண்ணாடி வரும், உது தேவையில்லை, வியர்வையில் அவிந்துபோவேன் என்று அருந்ததி சொல்லிப் பார்த்தாள்.

“அவிஞ்சால் காயும்” என்றாள் மாமி. சட்டை நைந்து போகிற ஒவ்வொரு தடவையும் பிரித்து அடுத்ததில் தைத்தாள். அந்தச் சட்டையோடுதான் நாள்தோறும் அருந்ததி காட்டில் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டினாள். நாள்தோறும் வீட்டுக்கு வந்தாள்.

*

பறைக்காரர் வந்துவிட்டார்கள். மாமரத்துக்குக் கீழ் வைக்கோல் கொளுத்திப் பறையைச் சூடு காட்டினார்கள். பிரசாந்தன் இன்னும் வரவில்லை.

அருந்ததி தலைமாட்டுக்குப் போய் வாத்தியாரின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

“மாமா. கூறையைக் குடுக்கப்போறன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். நேற்றிலிருந்து முதல் தடவையாக யாரையோ நேராகப் பார்த்தார். பேசத் தொடங்கியதும் வகுப்பறைக் குரல் வந்தது. மெதுவாகத்தான்.

“முந்தி ஒரு சங்கிலிச் சட்டை எண்டால் ஒரு வளவின்ரை விலை. சண்டை முடிஞ்சால் முதல் வேலை, செத்தவனிட்டை இருந்து அதைக் கழட்டிறது. கழுவி, அறுந்த வளையத்தை மாத்தி, இருக்கிறவன் போடுவான். பிறகு அவன்ரை மகன் போடுவான். அதாலைதான் சட்டையோடை மண்ணிலை தாட்ட ஆக்களைக் காணுறது குறைவு.”

அவர் வாங்கில் கிடந்தவளின் பக்கம் திரும்பினார்.

“ஐரோப்பாவிலை வடக்கை ஒரு தீவிலை மட்டும் கிடங்கு கிடங்காக் கண்டவை. ஆடி மாச வெக்கையாம். பிணம் கெடத் தொடங்கிட்டுது. கழட்ட நேரமில்லாமல் சட்டையோடையே தள்ளிப்போட்டினம்.” திரும்ப அவளைப் பார்த்தார். “அது அவசரம் பிள்ளை. முறையில்லை. நீ வைச்சிரு. உனக்கு இன்னும் காடு இருக்கு. அன்னத்துக்கு இனி ஒண்டும் படாது.”

முற்றத்தில் விமலேஸ்வரியின் குரல் கேட்டது. துணுக்காயிலிருந்து வந்த இரண்டு பெண்களுக்கு விளக்கம் நடந்துகொண்டிருந்தது. முகாமில் சோற்றுக்குப் பட்டுச் சேலை வித்தவர்கள் எத்தனை பேர், இவவும் வித்துத்தான் இருப்பா, சொல்ல வெட்கம், செத்தவவைக் குறை சொல்லப்படாதுதான்.

“மாமிக்குப் படுது மாமா” என்றாள் அருந்ததி.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று இரண்டாம் தடவை சொல்லவில்லை.

அருந்ததி எழுந்தாள். முற்றத்துக்குப் போனாள். சபையில் வைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியின் சொல்லில் அந்தளவையாவது காப்பாற்றலாம் என்று தோன்றியது. “விமலா மாமி, ஒருக்கா அறைக்குள்ளை வாங்கோ” என்று மட்டும் சொன்னாள். அவளுடைய முகத்தில் என்ன இருந்ததோ, விமலேஸ்வரி பாதிக் கதையில் எழுந்து வந்தாள். என்ன ஏது என்று கமலாசனியும் கூடவே வந்தாள். அவளை மறிக்க ஒருவராலும் ஏலாது.

கதவைச் சாத்தினாள். துவாயைப் போர்த்திக்கொண்டு சட்டையைக் கழற்றினாள். உள்பக்கம் புரட்டிக் கட்டிலில் வைத்தாள்.

பழைய அரக்குச் சிவப்பு. வியர்வையில் வெளிறி, ஓரங்கள் கறுத்து, இரும்புத் துரு வட்டம் வட்டமாய்ப் பதிந்து. தையல் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலச் சரிகை. விமலேஸ்வரி குனிந்தாள். சரிகையில் இருந்த மாங்காய்ப் பின்னலில் அவள் விரல் போய் நின்றது.

“இது…”

“கூறைதான்.”

கமலாசனி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். அருந்ததி தையலை வெட்டினாள். மடிப்பைப் பிரித்தாள். சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. மாத்தளன், சங்கிலிச் சட்டை, உள்துணி, கஞ்சி வரிசை. நாலு வசனத்தில் முடிந்துவிட்டது. மிச்சத்தைத் துணி சொன்னது.

முதல் மடிப்பில் ஒரு கிழிசல், பெருவிரல் போகும். அடுத்த மடிப்பில் அதே இடத்தில் அதைவிடச் சின்னது. அதற்கடுத்ததில் இன்னும் சின்னது. விமலேஸ்வரி ஒவ்வொன்றாய் விரித்துக்கொண்டு போனாள். ஓட்டை ஒரு கச்சான் கடலை அளவாகி, மிளகு அளவாகி, பிறகு நூல்கள் வெறுமனே விலகி நின்றன. கடைசி மடிப்பில் ஒன்றுமே இல்லை. முழுப் பட்டு.

அந்த முழுப் பட்டின் மேல் அவள் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே பறை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” அதட்டலாகத்தான் தொடங்கினாள். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

மாமி சொன்னதை அருந்ததி சொன்னாள். பிள்ளையாகத் தெரியவேண்டும் என்று சொன்னதை.

விமலேஸ்வரி துணியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

“அம்மா நல்ல சேலையாத்தான் எடுத்திருக்கிறா.”

மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம். பிரசாந்தன் கதவைத் தட்டிப் பொலித்தீன் பையை நீட்டினான். அரக்குச் சிவப்பு, புதுப்பட்டு, கடை வாசம். ஐயரும் வந்துவிட்டார் என்றான்.

“இதை உடுத்துவம். கூறையை மேலாலை போடுவம், முழுசா” என்றாள் அருந்ததி.

“உனக்கு?”

“கொம்பனி கவசம் இருக்கு மாமி.”

“இவ்வளவு நாளும் அது இல்லாமலோ இருந்தது?” என்றாள் விமலேஸ்வரி. கத்தரிக்கோலை வாங்கினாள். ஓட்டை விழுந்த பக்கத்தை ஒரு கையிலும் முழுப் பக்கத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடுவை அளந்தாள்.

கமலாசனிக்குப் பொறுக்கவில்லை. கூறையை வெட்டுகிறதோ, அதுவும் பிரேதம் கிடக்கிற வீட்டில், அதில் பாதியைத் திரும்ப உடுப்புக்குப் போடுகிறதோ, எங்கேயாவது கேள்விப்பட்ட முறையோ என்று தொடங்கினாள்.

“எங்கடை வீட்டுக் கூறை. நான் சொல்லுறன்” என்றாள் விமலேஸ்வரி. “பட்ட பாதி அவவோடை போகட்டும். படாத பாதி இவளுக்கு.”

வெட்டினாள். பழைய பட்டு முனகாமல் பிரிந்தது.

அன்னபாக்கியத்தைக் குளிப்பாட்டி, புதுச்சேலை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, மார்பின் மேல் ஓட்டை விழுந்த பட்டை விமலேஸ்வரியே விரித்தாள். கிழிசலை மறைத்து மடிக்க வந்த ஒருத்தியின் கையை விலக்கிவிட்டாள். இது என்ன துணி என்று துணுக்காய்ப் பெண்கள் கேட்டார்கள்.

“கூறை. மச்சாள் வைச்சிருந்தவ” என்றாள் விமலேஸ்வரி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அருந்ததியின் பக்கம் திரும்பவும் இல்லை.

வாய்க்கரிசி போட வந்த வாத்தியார் குனிந்து அந்தப் பட்டைப் பார்த்தார். கிழிசலின் ஓரத்தைப் பெருவிரலால் ஒருமுறை நீவி நேராக்கினார். பிறகு பிரசாந்தனின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

பெட்டி மூடியது. பறை எழும்பியது. ஆண்கள் தூக்கினார்கள். பெண்கள் படலைவரை போனார்கள், அங்கே நின்றார்கள். வெள்ளைத்துணி விரித்த ஒழுங்கையில் பெட்டி வயற்கரைப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். “மாமி” என்று அருந்ததி கூப்பிட்டது பறையில் கேட்கவில்லை. கமலாசனி அவளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வீடு கழுவினார்கள். கிணற்றடியில் ஆளுக்கு ஆள் தண்ணீர் அள்ளி ஊற்றிக் குளித்தார்கள். ஈரத் தலையோடு அருந்ததி அறைக்குள் வந்தபோது விமலேஸ்வரி கட்டிலில் இருந்தாள். மடியில் வேலைச் சட்டை. பக்கத்தில் மிச்சப் பட்டு.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்துதான் வேலைக்குப் போவேன், இன்றைக்கே தைக்கவேண்டும் என்றில்லை, களைத்துப் போயிருக்கிறீர்கள், படுங்கள் என்றாள் அருந்ததி.

“தைக்கேல்லை. அளவுதான் பாக்கிறன். பாதியாப் போச்சுதெல்லோ, எந்த இடத்துக்கு வைக்கிறதெண்டு பாக்கவேணும். திரும்பி நில்லு.”

அருந்ததி திரும்பி நின்றாள்.

விமலேஸ்வரி கழுத்துக்குக் கீழிருந்து சாண் போட்டு அளந்தாள். தோளுக்குத் தோள் அளந்தாள். நடுமுதுகில் அவளுடைய கை வந்து நின்றது. அளவு சரிதான். ஆனாலும் திரும்பக் கழுத்தடிக்குப் போய் முதலில் இருந்து அளக்கத் தொடங்கினாள்.